சிங்கப்பூரில் மின்சாரம் வாங்குதல்: விலையும் ஒப்பந்தமும்

சிங்கப்பூரில் மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்பதை வீட்டுக்காரரே முடிவு செய்யலாம். பெரிய தொழில் நிறுவனங்களுக்கு இந்த உரிமை 2001 முதல் படிப்படியாகக் கிடைத்தது. வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் 2018 ஏப்ரலில் ஜூரோங்கில் முன்னோட்டமாக வந்தது. அதே ஆண்டு நவம்பரிலிருந்து 2019 மே வரை வட்டாரம் வட்டாரமாக நாடு முழுவதும் விரிந்தது. திறந்த மின்சாரச் சந்தை எனப்படும் இந்த ஏற்பாட்டை எரிசக்திச் சந்தை ஆணையம் கண்காணிக்கிறது.

விற்பவர் மாறினாலும் வீட்டுக்கு வரும் மின்சாரம் மாறுவதில்லை. மின்கட்டமைப்பும் மீட்டர் கணக்கெடுப்பும் எஸ்பி குழுமத்தின் பொறுப்பிலேயே இருக்கின்றன. ஆகவே மலிவான விற்பனையாளரிடம் போனால் மின்தடை கூடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. வேறுபடுவன விலையும் நிபந்தனைகளும்தான்.

எந்த விற்பனையாளரிடமும் சேராத வீடுகள் எஸ்பி குழுமத்திடமிருந்தே நெறிப்படுத்தப்பட்ட கட்டணத்தில் மின்சாரம் பெறுகின்றன. இக்கட்டணம் 3 மாதங்களுக்கு ஒருமுறை மாறும். நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இறக்குமதியாகும் இயற்கை எரிவாயுவிலிருந்து உற்பத்தியாவதால், உலக எரிபொருள் விலையின் ஏற்ற இறக்கம் இதில் எதிரொலிக்கும்.

விற்பனையாளர்கள் தரும் வழக்கமான திட்டங்கள் இரண்டு. நிலையான விலைத் திட்டத்தில் ஒப்பந்தக் காலம் முழுவதும் யூனிட் விலை ஒன்றே. தள்ளுபடித் திட்டத்தில், அந்தந்தக் காலாண்டின் நெறிப்படுத்தப்பட்ட கட்டணத்திலிருந்து குறிப்பிட்ட விழுக்காடு கழிக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு: மாதம் 400 யூனிட் செலவிடும் வீடு ஒன்று. நெறிப்படுத்தப்பட்ட கட்டணம் யூனிட்டுக்கு 30 காசு, நிலையான விலை 28 காசு, தள்ளுபடி 8 விழுக்காடு என்று கொள்வோம். நிலையான திட்டத்தில் மாதம் 112 வெள்ளி; தள்ளுபடித் திட்டத்தில் 110 வெள்ளி 40 காசு. கையெழுத்திடும் நாளில் தள்ளுபடியே மலிவு. அடுத்த காலாண்டில் கட்டணம் 33 காசுக்கு ஏறினால் தள்ளுபடித் திட்டத்தின் செலவு 121 வெள்ளி 44 காசாகும். 27 காசுக்கு இறங்கினால் 99 வெள்ளி 36 காசாகும். நிலையான திட்டத்திலோ இரு நிலையிலும் அதே 112 வெள்ளிதான். மாதச் செலவு ஒரே சீராக இருக்கவேண்டிய குடும்பத்துக்கு நிலையான விலை பொருந்தும். ஏற்ற இறக்கத்தைத் தாங்கக்கூடியவர்களுக்குத் தள்ளுபடி பொருந்தும்.

இவற்றைத் தவிர, இரவில் ஒரு விலை பகலில் ஒரு விலை என நேரத்துக்கேற்ப மாறும் திட்டங்களும் உண்டு. இரவில்தான் மின்பயன்பாடு அதிகம் என்ற வீடுகளுக்கே இவை ஆதாயம் தரும். நேரவாரியாகப் பதிவு செய்யும் மேம்பட்ட மீட்டரும் தேவைப்படும்.

யூனிட் விலைக்கு அடுத்து ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை சில. விலையில் பொருள் சேவை வரி அடங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் இரண்டு திட்டங்களை ஒப்பிட்டால் கணக்குத் தவறும். ஒப்பந்தக் காலம் பொதுவாக 6, 12 அல்லது 24 மாதங்கள். இடையில் விலகினால் கட்டணம் கட்ட நேரலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் குடியிருப்புக் காலத்தை மீறிய ஒப்பந்தத்தைத் தவிர்ப்பது நல்லது. முன்வைப்புத்தொகை எவ்வளவு, காலம் முடிந்ததும் ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படுமா, அப்போது என்ன விலை என்பவற்றையும் கேட்டறிய வேண்டும்.

ரசீது வரும் முறையும் விற்பனையாளருக்கு விற்பனையாளர் வேறுபடும். சிலரிடம் மின்கட்டணம் தண்ணீர், எரிவாயுக் கட்டணங்களோடு எஸ்பி ரசீதிலேயே சேர்ந்து வரும். வேறு சிலர் தனி ரசீது அனுப்புவார்கள். அப்போது மாதம் இரண்டு ரசீதுகளைக் கட்ட வேண்டும். பழைய மீட்டர்கள் 2 மாதங்களுக்கு ஒருமுறையே படிக்கப்படுவதால், இடைப்பட்ட மாதத் தொகை மதிப்பீடாக இருக்கும்; அடுத்த ரசீதில் அது சரிசெய்யப்படும். ஆகவே ஒரே ஒரு ரசீதை வைத்துத் திட்டம் லாபமா நட்டமா என்று முடிவு கட்டக்கூடாது.

2021இன் பிற்பகுதியில் எரிவாயு விலை கடுமையாக உயர்ந்தபோது, விற்பனையாளர்கள் சிலர் தொழிலை விட்டு விலகினர். அவர்களிடமிருந்த வீடுகள் எஸ்பி குழுமத்துக்கு மாற்றப்பட்டதால் விளக்குகள் அணையவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் பேசிவைத்திருந்த மலிவு விலை போயிற்று. விற்பவர் தொழிலில் நீடிக்கும் வரைதான் நிலையான விலையும் நிலைக்கும். எனவே யூனிட்டுக்கு அரைக் காசு வித்தியாசத்தைப் பார்க்கும்போது, அந்த விற்பனையாளருக்குச் சொந்த மின்னுற்பத்தி நிலையம் இருக்கிறதா, வெளியில் வாங்கி விற்பவரா என்பதையும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்.