பாட்டி பிறந்த ஜில்லா

இரவு மணி ஒன்பது. "அம்மா, நாளைக்கு வம்ச விருட்சம் எழுதிக்கொண்டு போகணும்" என்று குழந்தை அப்போதுதான் வாயைத் திறக்கும். பிறகு கேட்பானேன்! அப்பா கடைக்கு ஓடிச் சார்ட் தாள் வாங்கி வருவார். அம்மா மரம் வரைந்து, கிளைக்குக் கிளை பெயர் எழுதுவாள். குழந்தை இதற்குள் தூங்கியிருக்கும். மறுநாள் கிடைக்கும் மார்க்கு என்னவோ அம்மாவுக்குத்தான்!

தாய்மார்களே, அடுத்த தடவை இந்த வேலையைப் பாட்டியிடம் விட்டுப் பாருங்கள்.

ஓசூரில் நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி என்று வைத்துக்கொள்வோம். அம்மாவுக்குப் பிறந்தகம் அஞ்செட்டி. தேன்கனிக்கோட்டை வழியாகப் பஸ்ஸில் போக வேண்டும். காடும் மலையும் கேழ்வரகுக் கொல்லையுமாக இருக்கும் எல்லைச் சீமை அது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் அங்கே காதில் விழும்.

"பாட்டி, நீங்க பிறந்த தேதி என்ன?"

"தேதியை யார் கண்டா, கண்ணு! சார்வரி வருஷம், கேழ்வரகு அறுப்பு சமயத்திலே பிறந்தேன்னு எங்கம்மா சொல்லும்."

"தெரியாது" என்று எழுதிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் பாட்டி சொன்னது பதில்தான் அல்லவா? தமிழ் வருஷங்கள் அறுபது. சுற்றிச் சுற்றி வருபவை. கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களை மூடியிருந்தார்களே, அந்த 2020 சித்திரையில் பிறந்ததும் சார்வரிதான். அறுபதைக் கழித்தால் 1960. மானாவாரிக் கேழ்வரகு கார்த்திகை, மார்கழி வாக்கில் அறுப்புக்கு வரும். ஆக, பாட்டி பிறந்தது 1960-ம் வருஷக் கடைசியில்! பிறப்பு, இறப்பைப் பதிவது நாடு முழுவதும் கட்டாயம் என்ற சட்டம் வந்ததே 1969-ல்தான். அதற்கு முன் கிராமத்து வீடுகளில் பிறந்த எத்தனையோ பெண்களுக்குக் கொல்லையும் பஞ்சாங்கமுமே சர்டிபிகேட்.

அடுத்த கேள்வி: பிறந்த மாவட்டம் எது?

1960-ல் அஞ்செட்டி சேலம் ஜில்லாவில் இருந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜியும் அந்தக் கணக்கில் சேலம் ஜில்லாக்காரர்தான். 1965 அக்டோபர் 2-ந் தேதி சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது. அம்மா 1986-ல் பிறந்தவளானால் அவள் தருமபுரி ஜில்லா. 2004 பிப்ரவரி 9-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் உண்டாயிற்று. தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த அம்மாவுக்கு 2016-ல் பிறந்த நம் சிறுமியோ கிருஷ்ணகிரிக்காரி! மூன்று பேருக்கும் ஊர் ஒன்றே, மாவட்டமோ மூன்று.

இதோடு போயிற்றா? பாட்டி பிறந்தபோது இது சென்னை ராஜ்யம். தமிழ்நாடு என்ற பெயர் வந்தது 1969-ல். எல்லைக்கு அப்பால் இருந்தது மைசூர் ராஜ்யம். அது கர்நாடகம் ஆனது 1973-ல். இருந்த இடத்தில் இருந்தபடியே பாட்டி இத்தனையும் பார்த்திருக்கிறாள்! புத்தகத்தில் நெட்டுருப் போட்டால் மறந்துபோகும் வருஷங்கள், பாட்டியோடு சேர்த்துப் படித்தால் மறக்குமா?

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. "பாட்டி, உங்க அம்மா பேரு என்ன?"

பெரும்பாலான வம்ச விருட்சங்களில் அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று ஒரு பக்கம் ஓங்கி வளர்ந்திருக்கும். அம்மா வழிக் கிளை பாட்டியோடு நின்றுபோகும். பாட்டியைப் பெற்றவளின் பெயர் பல குடும்பங்களில் பட்டாவிலும் இராது, பத்திரத்திலும் இராது. பாட்டியின் ஞாபகத்தில் மட்டுமே இருக்கும். அவளும் போய்விட்டால் பிறகு யாரைக் கேட்பது?

ஆகையால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே குழந்தையைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறுங்கள். தூரமானால் டெலிபோன் இருக்கவே இருக்கிறது. நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். குழந்தை கேட்கட்டும், பாட்டி சொன்னதைச் சொன்னபடியே எழுதட்டும். எழுத்து கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. பாட்டியின் தாயார் பெயர் முதல் தடவையாக ஒரு காகிதத்தில் ஏறியிருக்குமே, அது போதாதா?