பத்துப் பொருத்தத்தோடு ஓர் இரத்தப் பரிசோதனை

உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வாங்கி விற்கும் நான் மருத்துவன் அல்லன். கிடைத்ததைப் படித்து, புரியாததை டாக்டர்களிடம் கேட்டு அறிந்தவன். மலைக்கு வந்து தலைமுறைகள் ஆனாலும் நம்மவர் பலர் வரன் பார்ப்பது போடி, கம்பம், உத்தமபாளையம் பக்கத்துச் சொந்தத்தில்தான். எங்கள் நயினார் சமூகமோ இன்னும் சிறியது. யாரைத் தொட்டாலும் ஏதோ ஒரு வழியில் உறவு.

நம் உடலின் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு படிகளாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. பேரேட்டை இரண்டு படி எழுதி வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒன்றில் ஒரு பக்கம் கிழிந்தாலும் மற்றதை வைத்துக் கணக்கு ஓடும். அப்படி ஒரு படி மட்டும் பழுதானவரைத்தான் டாக்டர்கள் 'கேரியர்' என்கிறார்கள். அவர் நோயாளி அல்ல. கணவன், மனைவி இருவரும் ஒரே நோய்க்குக் கேரியராக அமைந்தால்தான் சங்கடம்: ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது" என்று சொல்வார்கள். அது தப்புக் கணக்கு. ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

மாமன் மகள், அத்தை மகன் என்றால் இருவருக்கும் தாத்தா பாட்டி பொது. ஆகவே அதே கிழிந்த பக்கம் இரு பக்கமும் வந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அக்காள் மகளைக் கட்டினால் இன்னும் கூடும். சொந்தத்தில் கட்டியவர்களுக்கெல்லாம் நோய்ப்பிள்ளை பிறக்கும் என்பதல்ல. பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகளே பிறக்கின்றன.

இந்தியாவில் 100 பேரில் 3, 4 பேர் பீட்டா தலசீமியா கேரியர் என்று கணக்கிடுகிறார்கள். கடுமையான தலசீமியா உள்ள குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும். சில மாதங்களில் வெளிறிப் போகும். பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஆயுள் முழுக்க இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடலில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து வேறு. அரிவாள் உயிரணு நோய் இன்னொன்று. இந்தியாவில் அது முதலில் அறியப்பட்டது நம் நீலகிரியில்தான், 1952இல். வயநாடு, அட்டப்பாடிப் பழங்குடியினரிடமும் உண்டு. 2023இல் மத்திய அரசு இதற்கென ஒரு தேசிய இயக்கமே தொடங்கியது.

கேரியரைக் கண்டுபிடிக்கச் சாதாரண இரத்த எண்ணிக்கையே முதல் படி. சிவப்பணு சிறுத்திருந்தால் உடனே இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிடுவது வழக்கம். தலசீமியா கேரியருக்கும் அணு சிறுத்தே இருக்கும்! அதனால் எச்.பி.எல்.சி. என்ற பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஒருவருக்குச் செய்து கேரியர் என்றால் மற்றவருக்கும் உடனே செய்ய வேண்டும். பெண்ணுக்கு மட்டும் செய்து, பழியையும் அவள் தலையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

சைப்ரஸ் தீவில் 1980களிலிருந்து, தேவாலயத்தில் மணமுடிக்க இந்தப் பரிசோதனை செய்த சான்று கேட்டார்கள். சான்று திருமணத்தைத் தடுக்கவில்லை. முடிவு ஜோடியின் கையில் இருந்தது. தலசீமியாவோடு பிறக்கும் குழந்தைகள் அங்கே அரிதாகிவிட்டனர்.

கல்யாணம் ஆகிவிட்டதே என்று விடவேண்டாம்; கரு தரிக்கும் முன் செய்தாலும் போதும். இருவரும் கேரியர் என்றால் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். கர்ப்பத்தின் 11ஆம் வாரம் முதலே சிசுவுக்கு நோய் உண்டா என்று சோதிக்க வழி இருக்கிறது. அறிக்கை தம்பதியிடமே இருக்கட்டும், கல்யாணத் தரகரிடம் வேண்டாம்.