காவல் இல்லாத காட்டில் முதலில் சாவது யார்?

1943 ஆகஸ்ட் மாதம். டோக்கியோவின் உயேனோ மிருகக்காட்சிசாலைக்கு நகர ஆளுநரிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. எதிரி விமானங்கள் குண்டு போட்டால் கூண்டுகள் உடையும். சிங்கமும் புலியும் கரடியும் தெருவில் திரியும். ஆகவே ஆபத்தான விலங்குகளை இப்போதே கொன்றுவிட வேண்டும். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் மக்கள் கலங்குவார்கள் என்பதால் சுடவும் கூடாது. தீனியில் விஷம் வைத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட விலங்குகள் கொல்லப்பட்டன. மூன்று யானைகள் மட்டும் விஷம் கலந்த உருளைக்கிழங்கைத் தின்ன மறுத்தன. அவற்றைப் பட்டினி போட்டார்கள். பராமரிப்பாளர் யாராவது அந்தப் பக்கம் வந்தால், பழக்கிய வித்தையைச் செய்தால் தீனி கிடைக்கும் என்று நம்பி, எலும்பும் தோலுமாக நின்ற யானைகள் வித்தை காட்டின. செப்டம்பர் 4ஆம் தேதி இறந்த விலங்குகளுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தபோது இரண்டு யானைகள் இன்னும் உயிரோடு இருந்தன. கடைசி யானை தோன்கி செப்டம்பர் 23ஆம் தேதி விழுந்தது. டோக்கியோ மீது பெருங்குண்டுவீச்சு தொடங்கியதோ 1944 நவம்பரில்தான். போருக்குப் பிறகு யானையே பார்க்காத டோக்கியோக் குழந்தைகள் கடிதம் எழுதிக் கேட்க, 1949இல் நேரு மைசூர்ப் பக்கத்து யானை ஒன்றுக்குத் தம் மகளின் பெயரான இந்திரா என்பதையே வைத்து அனுப்பினார்.

அந்த உத்தரவுக்குப் பின்னால் இருந்த பயம் நம் எல்லோருக்கும் பழக்கமானது. அரசு விழுந்து, மின்சாரம் போய், தெருக்கள் வெறிச்சோடிவிட்டால் அடுத்து வருவது கொடிய விலங்குகள்தான் என்று திரைப்படங்களும் நாவல்களும் நமக்குப் பல தலைமுறையாகச் சொல்லி வருகின்றன. இடிந்த கட்டடத்தின் படியில் சிங்கம் படுத்திருக்கும் காட்சி மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று தள்ள முடியாது. லட்சக்கணக்கான ஆண்டுகள் புலிக்கும் சிறுத்தைக்கும் இரையாக இருந்த இனத்தின் பயம் அது. ஆனால் உண்மையிலேயே சமூகம் குலைந்த இடங்களில் நடந்ததை எடுத்துப் பார்த்தால் கதை நேர் எதிராக இருக்கிறது. ஆட்சி விழுந்தால் வேட்டை விலங்கு ஊரைப் பிடிப்பதில்லை. பெரும்பாலும் அதுதான் முதலில் அழிகிறது.

மொசாம்பிக் நாட்டின் கொரோங்கோசா தேசியப் பூங்கா இதற்குக் கண்கூடான சாட்சி. 1960இல் தேசியப் பூங்காவான அந்த நிலம் ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவிலேயே விலங்குகள் அதிகம் நெருங்கி வாழ்ந்த இடங்களில் ஒன்று. அதன் சிங்கங்களைப் பார்க்க உலகெங்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1977 முதல் 1992 வரை நாட்டில் உள்நாட்டுப் போர். பூங்காவே போர்க்களம். காவலர்கள் ஓடிவிட்டார்கள். துப்பாக்கியோடு அலைந்த படைகளுக்கு இறைச்சி வேண்டும், ஆயுதம் வாங்க யானைத் தந்தம் வேண்டும். போர் முடிந்த பிறகும் சில ஆண்டுகள் வேட்டை ஓயவில்லை, பசி ஓயாததால். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது பெரிய பாலூட்டிகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் போயிருந்தன. காட்டெருமை, வரிக்குதிரை, நீர்யானை எல்லாம் விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்தபின் சிங்கம் எதைத் தின்னும்? சிங்கங்கள் ஒருசில மிஞ்சின. சிறுத்தை, கழுதைப்புலி, ஆப்பிரிக்கக் காட்டுநாய் மூன்றும் அங்கே அற்றுப்போயின.

அதன் பின் அந்தக் காட்டில் ஏற்பட்ட மாற்றம் கவனிக்கத் தக்கது. புஷ்பக் என்று ஒரு மான் உண்டு. புதரை விட்டு வெளியே வராத கூச்ச சுபாவம் கொண்டது. கொரோங்கோசாவில் அது பட்டப்பகலில் திறந்த வெள்ளச் சமவெளியில் நின்று மேயத் தொடங்கியது. ஆராய்ச்சியாளர்கள் ஒலிபெருக்கியில் சிறுத்தையின் உறுமலைப் போட்டார்கள். வேட்டை விலங்கின் வாடையையும் வைத்தார்கள். மான்கள் மறுபடி மறைவிடம் தேடின. பயம் அவற்றின் உடம்பில் அப்படியே இருந்தது, பயப்பட வேண்டிய விலங்குதான் இல்லை. 2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இது. போர் காட்டை ‘சுதந்திரமாக’ விட்டுவிடும் என்று நினைப்பவர்கள் அந்த மான் புல்வெளியில் நிம்மதியாக மேய்ந்த காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு காட்டில் இரை விலங்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்றால் அந்தக் காடு பாதி செத்துவிட்டது என்று பொருள்.

இது ஒரு பூங்காவின் தனிக்கதை இல்லை. 1946 முதல் 2010 வரை ஆப்பிரிக்காவின் பாதுகாக்கப்பட்ட காடுகளில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் ஏதோ ஒரு போரைச் சந்தித்தவை. அந்தக் காலத்துப் பெரிய தாவர உண்ணிகளின் எண்ணிக்கையைத் தொகுத்துப் பார்த்த இரு ஆய்வாளர்கள், மக்கள்தொகை, வறட்சி, சுரங்கம் எல்லாவற்றையும்விட, போர் எவ்வளவு அடிக்கடி வந்தது என்பதே விலங்குகளின் சரிவை முன்கூட்டிச் சொல்கிறது என்று 2018இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். மான் குறைந்த காட்டில் சிங்கம் பெருக வழியில்லை. கணக்கு அவ்வளவுதான்.

சோவியத் ஒன்றியம் விழுந்த பிறகு ரஷ்யாவில் ஓநாய்கள் பெருகினவே என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி, ஏனென்றால் அது உண்மை. 1991க்குப் பின் வந்த பத்தாண்டில் காட்டுப்பன்றி, எல்க் என்ற பெரிய மான், பழுப்புக் கரடி ஆகியவை ரஷ்யாவின் பெரும்பாலான பகுதிகளில் குறைந்தன. ஓநாய் மட்டும் கூடியது. சோவியத் ஆட்சியில் ஓநாயைக் கொன்றால் அரசு பணம் கொடுத்தது. கஜானா காலியானதும் ஓநாய் வேட்டை தளர்ந்தது. சம்பளம் நின்றுபோன குடும்பங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கறிக்காகக் காட்டுக்குள் போயின. கறிக்கு ஆகாத ஓநாயை யாரும் தேடவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நாலைந்து குட்டி போட்டு, கிடைத்ததைத் தின்று, நாளொன்றுக்கு நெடுந்தொலைவு நடக்கும் விலங்கு அது. ஆட்சி மாற்றத்தைத் தாங்க அதனால் முடியும்.

புலியால் முடியாது. அதே ஆண்டுகளில் ரஷ்யாவின் தூரக்கிழக்கில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். 1940களில் சில பத்துகளாகச் சுருங்கிப்போயிருந்த அமுர் புலியை, 1947இல் வேட்டையைத் தடை செய்து, பல பத்தாண்டுகள் காத்துச் சில நூறாக வளர்த்திருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் சீன எல்லை திறந்தது. புலி எலும்புக்கும் தோலுக்கும் அங்கே விலை இருந்தது, இங்கே வேலை இல்லாமல் கிடந்த ஆட்கள் இருந்தார்கள். புலிகள் வேகமாகச் செத்து விழுந்தன. 1994இல் புலிக்கென்றே தனிக் காவல் படை அமைத்த பிறகுதான் சரிவு தணிந்தது. புலி மனிதனைத் தாக்கிய சம்பவமும் இந்தச் சூழலில்தான் வருகிறது. 1997 டிசம்பரில், மரம் வெட்டும் கம்பெனி மூடப்பட்டு ஊரே பிழைப்பிழந்து நின்ற சோபோலோன்யே என்ற கிராமத்தருகே, காட்டில் வேட்டையாடிப் பிழைத்த ஒருவரைப் புலி கொன்றது. அவர் அதை ஏற்கெனவே சுட்டுக் காயப்படுத்தியிருந்தார் என்று விசாரித்தவர்கள் கண்டார்கள். அவர் குடிசை வாசலில் அது காத்துக் கிடந்த தடம் பனியில் பதிந்திருந்தது. சில நாளில் இன்னொருவரையும் கொன்றது. பின்பு அதையும் சுட்டார்கள். இந்த மூன்று சாவுக்கும் மூலம் புலியின் கொடூரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கம்பெனி மூடியதிலும் சம்பளம் நின்றதிலும் அதன் வேர் இருக்கிறது.

அடுத்து எல்லோரும் சொல்லும் உதாரணம் செர்னோபில். 1986 ஏப்ரல் 26இல் அணு உலை வெடித்தது. அந்த ஆண்டில் சுமார் 1,16,000 பேரை அந்தப் பகுதியிலிருந்து வெளியேற்றினார்கள். அவர்கள் விட்டுப்போன நாய்களைப் படைவீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். ஊர்களைக் காடு மூடியது. 2015இல் வெளியான கணக்கெடுப்பின்படி, வெளியேற்றப்பட்ட பகுதியின் பெலாரஸ் பக்கத்தில் மானும் பன்றியும் கதிர்வீச்சில்லாத மற்றக் காப்புக்காடுகளில் இருக்கும் அளவுக்கே இருந்தன. ஓநாய்களோ அந்தக் காப்புக்காடுகளைவிட ஏழு மடங்குக்கு மேல் அடர்த்தி. கழுத்துப்பட்டை மாட்டிய இளம் ஓநாய் ஒன்று அங்கிருந்து 369 கிலோமீட்டர் நடந்து ரஷ்யாவுக்குள் போனது. மனிதன் இல்லாவிட்டால் வேட்டை விலங்கு ஆளும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்பார்கள். ஆனால் செர்னோபிலில் சமூகம் குலையவில்லை. ஓர் அரசு, பேருந்துகளை வரிசையாக நிறுத்தி மக்களை ஏற்றி அனுப்பி, வேலி போட்டு, காவல் வைத்து, யாரும் உள்ளே வரக் கூடாது என்று சட்டம் செய்த இடம் அது. வேட்டைக்காரனும் உழவனும் சேர்ந்தே வெளியேறினார்கள். பசித்த மக்கள் அங்கேயே தங்கியிருந்தால் ஓநாய்க்கு அந்த வாழ்வு வாய்த்திருக்காது. கொரியாவின் இரு பாதிகளுக்கு நடுவே 1953 முதல் கிட்டத்தட்ட ஆளில்லாமல் கிடக்கும் 250 கிலோமீட்டர் நீளப் பட்டையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். கொக்கும் மானும் அங்கே செழித்தன, கருங்கரடிகூடக் கேமராவில் விழுந்தது. ஆனால் கொரியப் புலி திரும்பவில்லை. அதற்கு முன்பே அதை வேட்டையாடி முடித்திருந்தார்கள். இடம் காலியானால் மட்டும் போதாது. வருவதற்கு விலங்கும் மிஞ்சியிருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் எதிர்வாதம் நிற்கிறது. ஆட்கொல்லிகள் உண்மையில் வந்த காலங்கள் உண்டே? உண்டு. நம் நாட்டிலேயே நடந்தது. 1918இல் விஷக்காய்ச்சல் இந்தியா முழுக்கப் பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கர்வால் மலைக் கிராமங்களில் பிணத்தைச் சுமந்து ஆற்றங்கரைக்கு இறங்க வேண்டும், விறகு சேர்க்க வேண்டும், கூட ஆள் வேண்டும். வீட்டுக்கு வீடு சாவு விழும்போது யார் யாரைச் சுமப்பது? இறந்தவர் வாயில் ஒரு நெருப்புக் கங்கை வைத்துச் சடங்கை முடித்து, உடலை மலைச்சரிவில் உருட்டிவிடும் வழக்கம் அங்கே இருந்ததை வேட்டையாளர் ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். அப்படிக் கிடந்த உடல்களைத் தின்று பழகிய சிறுத்தை, நோய் ஓய்ந்து பிணம் வரத்து நின்றதும் உயிருள்ள மனிதரைத் தேடியது என்பது அவர் முடிவு. கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை வழியில் 1918 முதல் 1926 வரை, அரசுக் கணக்கில் மட்டும், ருத்ரபிரயாகைச் சிறுத்தை எனப்பட்ட அது 125 பேரைக் கொன்றது. 1926 மே மாதம் கார்பெட் அதைச் சுட்டார். ஒரு பெருநோய்க்கு ஒரு சிறுத்தை, எட்டு ஆண்டு, 125 உயிர். அந்தக் குடும்பங்களின் துயரத்தை எண்ணிக்கையால் சிறிதாக்கக் கூடாது. ஆனால் அந்தக் கதையில் காட்டு விலங்கு வேலி தாண்டி வரவில்லை. ஈமச்சடங்கு என்ற ஏற்பாடு அறுந்துபோன இடத்தில்தான் அது உள்ளே நுழைந்தது.

மிருகக்காட்சிசாலைப் பயத்துக்கும் ஒரு பதில் உண்டு. 2015 ஜூனில் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் வெள்ளம் மிருகக்காட்சிசாலையை உடைத்தது. நீர்யானை கடைத்தெருவில் நடந்தது. சில நாள் கழித்து ஒரு கிடங்குக்குள் ஒளிந்திருந்த புலி ஒருவரைக் கொன்றது. வெள்ளத்தில் செத்தவர்கள் ஏறத்தாழ இருபது பேர். அடைபட்டு வளர்ந்த விலங்குகளில் நூற்றுக்கணக்கானவை முதல் இரவிலேயே மாண்டன.

ஆக, மனிதனுக்கும் வேட்டை விலங்குக்கும் நடுவே இருக்கும் கோட்டைக் கூண்டும் துப்பாக்கியும் காப்பதாக நினைக்கிறோம். காப்பது வேறு: காவலருக்கு மாதாமாதம் வரும் சம்பளம், ஏழையின் அடுப்பில் வேகும் அரிசி, இறந்தவரைச் சுமக்க வரும் நான்கு பேர். கொரோங்கோசாவில் இப்போது செய்வதும் அதுதான். 2004இல் தொடங்கிய மீட்பு முயற்சியில் சுற்றுக் கிராமத்து இளைஞர்களைக் காவலர்களாக எடுத்தார்கள், பள்ளியும் மருத்துவமும் கொண்டுவந்தார்கள். மானும் எருமையும் பெருகிய பிறகு, 2018இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து 14 காட்டுநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இரை நிறைந்த காட்டில் அவை தாமாகவே பெருகின.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்பவர்களுக்கு வேட்டைத் தடுப்புக் காவலர் என்று பெயர். பலர் பழங்குடியினர். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் களக்காடு முண்டந்துறையிலும் காட்டுக்குள் முகாமிட்டு, நாள் முழுக்க நடந்து, மானுக்கு வைத்த சுருக்குக் கம்பியை எடுத்துவிட்டு வருபவர்கள். அந்தக் கம்பியில்தான் மான் சாகிறது, புலியும் சிறுத்தையும் இடுப்பறுந்து சாகின்றன. இவர்களில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக, தொகுப்பூதியத்தில் உழைத்தவர்கள். அடுத்த முறை ‘ஊருக்குள் சிறுத்தை’ என்ற செய்தி உங்கள் கைப்பேசிக்கு வந்தால், அதைச் சுட்டுப்பிடிக்கச் சொல்லும் முன், அந்தக் காட்டில் எத்தனை காவலர் இடம் காலியாக இருக்கிறது, இருப்பவருக்குப் போன மாதச் சம்பளம் வந்ததா என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள்.