பழைய கணினி விழித்தெழ ஏன் இத்தனை நேரம்?

கணினியின் பொத்தானை அழுத்திவிட்டு, தேநீர் கலக்கி வந்து பார்த்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? “இதற்கு வயதாகிவிட்டது, புதிது வாங்கிவிடலாம்” என்று முடிவெடுக்கும் முன், தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி கணினியின் மூளையான செயலி அல்ல, அதன் சேமிப்பகமே.

கணினி தொடங்கும்போது, விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் சேமிப்பகத்திலிருந்து நினைவகத்திற்கு வரவேண்டும். பழைய கணினிகளில் அந்தச் சேமிப்பகம் ஒரு வன்தட்டு. உள்ளே இசைத்தட்டைப் போல் ஒரு வட்டு சுழலும். அதன் மேல் முள்ளைப் போல் ஒரு ‘தலை’ இங்கும் அங்கும் நகர்ந்து தகவலைப் படிக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். மேசைக் கணினியின் வன்தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுழலும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 8 மில்லிவிநாடி. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லிவிநாடி. தலை சரியான தடத்திற்கு நகர மேலும் 9 மில்லிவிநாடி என வைத்துக்கொள்வோம். மொத்தம் 13. ஒரு பேச்சுக்கு, 10,000 வெவ்வேறு இடங்களில் படிக்கவேண்டுமானால் 130 விநாடி. இரண்டு நிமிடத்திற்கும் மேல்! இயங்குதளம் கோப்புகளை வரிசைப்படுத்திப் படித்து இதைக் குறைக்க முயல்கிறது. ஆனாலும் வட்டு சுழலும் வேகத்தை அதனால் மாற்ற முடியாது.

உங்கள் கணினியின் நிலை இதுதானா? விண்டோஸ் 10-இல் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி தொடங்கிய சில நிமிடங்களில் ‘சிபியு’ குறைவாகவும் ‘டிஸ்க்’ 100 விழுக்காட்டை ஒட்டியும் இருந்தால், வன்தட்டுதான் திணறுகிறது.

முதல் மருந்துக்குச் செலவே இல்லை. அதே சாளரத்தில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குச் செல்லுங்கள். கணினியோடு சேர்ந்து தாமாகவே தொடங்கும் செயலிகள் அங்கே வரிசையாக இருக்கும். இசை, விளையாட்டு, அரட்டை போன்றவற்றைத் தேர்ந்தெடுத்து ‘டிசேபிள்’ செய்யுங்கள். அவை அழிந்துவிடா, நீங்கள் திறக்கும்போது மட்டும் இயங்கும். நச்சுநிரல் தடுப்பையும், பெயர் தெரியாதவற்றையும் தொடவேண்டாம்.

இரண்டாவது மருந்து, வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பொருத்துவது. இதில் சுழலும் வட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. தகவல் மின்னணுச் சில்லுகளில் இருக்கிறது. ஓர் இடத்தைத் தேடிப் படிக்க ஏறக்குறைய 0.1 மில்லிவிநாடி போதும். மேலே போட்ட அதே கணக்கு 130 விநாடியிலிருந்து 1 விநாடியாகச் சுருங்கிவிடும்! செயலிக்கும் தன் வேலை இருப்பதால் கணினி ஒரே விநாடியில் தொடங்கிவிடாது. ஆயினும் வேறுபாட்டை முதல் நாளே உணர்வீர்கள். சாட்டா இணைப்புள்ள வன்தட்டின் இடத்திலேயே இதைப் பொருத்தலாம். செலவும் புதுக் கணினியின் விலையில் ஒரு சிறு பகுதிதான்.

அதற்கு முன் ஒன்றை மறவாதீர்கள். குடும்பப் படங்களையும் பிள்ளைகளின் பள்ளி வேலைகளையும் வேறொரு சேமிப்பகத்தில் நகலெடுத்து வையுங்கள். வன்தட்டில் வழக்கத்திற்கு மாறாக ‘டிக், டிக்’ ஓசை கேட்டால், வேகத்தைப் பற்றி யோசிக்க நேரமில்லை; நகலெடுப்பதே முதல் வேலை.

இன்னொன்று: விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. எஸ்.எஸ்.டி. வேகத்தைத் தரும், பாதுகாப்பைத் தராது. உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று பார்த்த பிறகு பணத்தைச் செலவிடுங்கள். ஏற்காவிட்டால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் பழைய கணினிக்கு மறுவாழ்வு தரும்.