காலாட்டினால் கதவு திறக்கும்: பம்பருக்குள் ஓர் எட்டு

இரண்டு கையிலும் பை. இடுப்பில் குழந்தை, அதன் வாயில் பாதி பிஸ்கட். ஒரு கேலன் பால் கேன் விரலில் தொங்குகிறது. சாவி கைப்பையின் அடியில் எங்கோ புதைந்து கிடக்கிறது. அமெரிக்காவில் ஏதாவதொரு சூப்பர்மார்க்கெட்டின் வண்டி நிறுத்தத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நின்று பாருங்கள். இந்தக் கோலத்தில் ஒருவர் தன் மினிவேனை நெருங்குவார். ஒரு காலை பம்பருக்கு அடியில் நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். 'டிங்' என்று ஒரு சத்தம். விளக்குகள் சிமிட்டும். டிக்கி தானாக மேலே எழும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குக் கைதட்டத்தான் தோன்றுகிறது!

அந்த பம்பருக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? வாருங்கள், ஓர் எட்டு பார்த்துவிட்டு வருவோம்.

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் முதலில் ஏமாற்றம்தான். கேமராவும் இல்லை, லேசரும் இல்லை. உட்புறத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடும் இரண்டு மின்கம்பிப் பட்டைகள். ஒன்று மேலே, ஒன்று கீழே. அவற்றோடு உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி. அவ்வளவுதான் சரக்கு.

பட்டைகளைச் சுற்றி மெல்லிய மின்புலம் ஒன்று பரவி நிற்கிறது. நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் கிட்டே வந்தால் மின்புலம் சும்மா இருக்காது. பட்டையின் மின்தேக்குத்திறன் துளியூண்டு மாறும். துளி என்றால் பிக்கோஃபாரட் கணக்கு, அதாவது ஒரு ஃபாரடில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! கைபேசித் திரை நம் விரலைக் கண்டுகொள்வதும் இதே வித்தையால்தான். ஷூ போட்டிருந்தாலும் சரி, செருப்பு போட்டிருந்தாலும் சரி, பட்டைக்குக் கவலையில்லை. அந்தக் காலத்து இரும்பு பம்பராக இருந்தால் கதை கந்தலாகியிருக்கும். மின்புலம் அதைத் தாண்டி வெளியே எட்டிப் பார்க்கவே முடியாது.

சரி, ஒன்று போதாதா, எதற்கு இரண்டு பட்டை? எனக்கு உற்சாகம் தலைக்கேறியது இந்த இடத்தில்தான். காலைக் கண்டுபிடிப்பது சுலபம். கால் இல்லாத எதையும் நம்பாமல் இருப்பதுதான் கஷ்டம். வண்டிக்கு அடியில் பூனை புகுந்து போகும். பந்து உருண்டு வரும். மழைத் தண்ணீர் பம்பர் வழியே ஒழுகும். யாராவது சாய்ந்து நின்று ஃபோன் பேசுவார்கள். இத்தனைக்கும் "மாட்டேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும். நாம் காலை நீட்டும்போது பாதம் கீழ்ப்பட்டைக்கு அடியில் போகிறது. அதே சமயம் கணைக்கால் மேல்பட்டையை நெருங்குகிறது. இரண்டிலும் அளவு சேர்ந்தே எகிற வேண்டும், உடனே சேர்ந்தே இறங்கவும் வேண்டும். பூனை வந்தால் கீழ்ப்பட்டை மட்டும்தான் சிலிர்க்கும். சாய்ந்து நிற்பவரால் எகிறிய அளவு இறங்காது. பனியும் சேறும் மெல்ல மெல்ல அப்பிக்கொண்டால், அந்த மெதுவான மாற்றத்தை மென்பொருள் 'இனி இதுதான் இயல்பு' என்று எடுத்துக்கொள்ளும். மிச்சிகன் மாநிலக் குளிர்காலத்தை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு அவசியம் என்று புரியும்.

இந்தத் தேர்வில் தேறினாலும் கதவு உடனே திறந்துவிடாது. "சாவி எங்கே?" என்று வண்டி தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒரு குரல் கொடுக்கிறது. கைப்பைக்குள் தூங்கும் சாவி விழித்துக்கொண்டு, சில நூறு மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது. வண்டியின் குரல் ஒன்றிரண்டு மீட்டருக்கு மேல் கேட்காது. அதனால் சாவி வீட்டில் இருந்தால் அண்டைவீட்டுக்காரர் எவ்வளவு உதைத்தாலும் பருப்பு வேகாது. ஆனால் அம்மா பக்கத்தில் கைப்பையோடு நிற்கும்போது மூன்று வயதுப் பிள்ளை உதைத்தால்? வண்டிக்கு அம்மா கால், பிள்ளை கால் என்ற பேதம் தெரியாது. பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடுகிறது என்பதுதான் தொல்லை.

பெரியவர்கள்தான் கோட்டை விடுகிறார்கள். கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது: காலை நேராக உள்ளே விட்டு நேராக எடுங்கள், பக்கவாட்டில் துழாவாதீர்கள். யார் கையேடு படிக்கிறார்கள்! காலால் அரைவட்டம் போடுகிறார்கள், தரையைத் தேய்க்கிறார்கள், கோபத்தில் பரதமே ஆடிவிடுகிறார்கள். பட்டைகளோ கண்டுகொள்வதே இல்லை.

கால்வித்தை முதலில் மினிவேனுக்கு வந்ததல்ல. 2010இல் ஃபோக்ஸ்வாகன் பஸாட் காரின் டிக்கியில் வந்தது. 2013 மாடல் ஃபோர்டு எஸ்கேப் அதை அமெரிக்காவில் பிரபலமாக்கியது. மினிவேனுக்கு என்று ஒரு பெரிய ஆசை மிச்சம் இருந்தது, அதுதான் பக்கவாட்டில் நகரும் கதவு. குழந்தை ஏறுவது அந்த வழியில்தானே! 2016 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் கிரைஸ்லர் பசிஃபிகா வந்து நின்றது. டிக்கி மட்டுமல்ல, இரண்டு பக்கக் கதவுகளும் காலுக்குப் பணிந்தன. கைப்பிடிக்கு நேர் கீழே ஓர் உதை, அவ்வளவுதான்.

பசிஃபிகா தயாராவது டெட்ராய்ட் ஆற்றுக்கு அக்கரையில், கனடாவின் வின்சர் நகரில். 1983 நவம்பரில் கிரைஸ்லரின் முதல் மினிவேன் வெளிவந்ததும் அதே ஆலையிலிருந்துதான். அந்த முதல் வண்டியில் நகரும் கதவு ஒரே ஒரு பக்கம்தான், அதையும் தோள்பலத்தால் இழுக்க வேண்டும். ஓட்டுநர் பக்கமும் அப்படி ஒரு கதவு கிடைக்க 1996 மாடல் வரை காத்திருந்தார்கள். பிறகு மோட்டார், பிறகு ரிமோட், கடைசியில் கால். 2021 மாடல் டொயோட்டா சியன்னாவும் பக்கக் கதவு, டிக்கி இரண்டுக்கும் உதையை ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் 2023இல் புதுப்பித்து வந்த டாடா ஹாரியர், சஃபாரி டிக்கிகளிலும் இந்தக் கால்வித்தை உண்டு.

கியாவின் வழி வேறு. சாவியோடு டிக்கிக்குப் பின்னால் மூன்று விநாடி சும்மா நின்றால் போதும், அதுவே திறந்துகொள்ளும். நாடகமே இல்லை! எனக்கு உதைதான் பிடிக்கும். ஆனால் ஜனவரி மாதம், தரையெல்லாம் பனிக்கட்டி, கையில் பிள்ளை, ஒற்றைக்காலில் நிற்க வேண்டும் என்றால் கியாக்காரர்கள் சொல்வதுதான் புத்திசாலித்தனம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

கதவை மூடவும் அதே உதைதான். நடுவில் ஒரு பிஞ்சுக்கை சிக்கினால்? நகரும் கதவின் முன்விளிம்பில் அழுத்தத்தை உணரும் ரப்பர் பட்டை வைப்பதுண்டு. மோட்டாரின் வேகத்தையும் கணினி கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். திடீரென்று சுழற்சி மந்தப்பட்டால் கதவு பின்வாங்கும்.

இத்தனை சூட்சுமத்தையும் ஏமாற்ற ஒரு வாளித் தண்ணீர் போதும். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஞாயிறு காலையில் வண்டி கழுவுகிறார் ஒருவர். ஈரத்துணி முன்னும் பின்னுமாகப் போகிறது, தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது, இரண்டு பட்டைகளும் சேர்ந்து எகிறிச் சேர்ந்து இறங்குகின்றன. சாவியும் பக்கத்திலேயே இருக்கிறது. 'டிங்!' டிக்கி திறந்துவிடும், குழாய்த் தண்ணீர் நேராக உள்ளே. இதற்கு வழி இரண்டு: வண்டியின் திரையில் போய் இந்த வசதியை அணைத்து வைக்கலாம், அல்லது சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வரலாம். மூன்றாவது வழியும் ஒன்று உண்டு, சீட்டை வெயிலில் காயப்போடுவது.