இதயக் கதவும் இளமைக் காவலும்

மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என வகுத்த திருவள்ளுவர், ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயாளியை முதலில் வைத்தார். மருத்துவரும் மருந்தும் அருகிருந்து பேணுபவரும் அவருக்குப் பின்னரே வருகின்றனர். இவ்வரிசையைப் பல்லாண்டுகளாக வகுப்பில் விளக்கிவரும் நாம், அதன் ஆழத்தை உணர்ந்தது ஒரு மாணவரால்தான்.

ஆவடியை அடுத்த சேக்காட்டிலிருந்து மின்தொடர் வண்டியில் வந்து பயின்றவர் அவர். இருபது வயதில் இதய வால்வு மாற்று அறுவை செய்துகொண்டு, மூன்று திங்கள் கழித்து வகுப்புக்குத் திரும்பினார். நெஞ்சின் நெடுந்தழும்பு தெரியாதிருக்கச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டியிருப்பார். தேர்வறையின் அமைதியில் அவர் மார்பிலிருந்து கடிகாரம் போன்றதொரு மெல்லொலி எழும். அதற்கு அவர் பெரிதும் நாணினார். அவர்பொருட்டு நாம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை மாணவச் செல்வங்களுக்கு இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

இதயத்தில் நான்கு வால்வுகள் உள்ளன. குருதியை முன்செல்லவிட்டுப் பின்திரும்பாமல் தடுக்கும் கதவுகள் இவை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை திறந்து மூடுகின்றன. நம் நாட்டில் இளையோரின் வால்வுகள் பழுதுபடுவதற்குப் பெருங்காரணம் ருமாட்டிக் காய்ச்சல். 5 முதல் 15 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒருவகைக் கிருமியால் தொண்டைப்புண் வருகிறது. அதற்கு உரிய மருந்து தராவிடில், சில வாரங்களில் காய்ச்சலும் மூட்டுவீக்கமும் தோன்றக்கூடும். மூட்டுவலி மறைந்துவிடும், இதய வால்வில் விழுந்த வடு மறையாது. பள்ளியில் தொடங்கிய கேடு கல்லூரியில் மூச்சுத்திணறலாய் வெளிப்படுவது இவ்வாறே.

செயற்கை வால்வு 1960இல் அமெரிக்காவில் வெற்றி கண்டது. எனினும் இறக்குமதி வால்வின் விலை நம் எளிய மக்களுக்கு எட்டாததாயிருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் தலைமையில் அறிஞர் குழுவொன்று உள்நாட்டு வால்வை உருவாக்க முனைந்தது. முந்தைய வடிவங்கள் தோற்றன, குழு தளரவில்லை. கோபால்ட் கலப்புலோகச் சட்டம், உறுதிமிக்க நெகிழித் தட்டு, பாலியஸ்டர் வளையம் ஆகியவற்றாலான சித்ரா வால்வு 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக மனித இதயத்தில் பொருத்தப்பட்டது. பின்னர் 1,00,000க்கும் மேற்பட்டோர் இவ்வால்வைப் பெற்றுள்ளனர். விலங்குத் திசுவாலான வால்வுகளும் உள்ளன. ஆயினும் இளையோர் உடலில் அவை விரைந்து தேய்வதால் உலோக வால்வையே பெரும்பாலும் தெரிவு செய்கின்றனர்.

அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தேறுதலோ படிப்படியானது. பிளந்து கம்பியால் இணைத்த மார்பெலும்பு உறுதிபெற ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கலாகாது. இருசக்கர வண்டி ஓட்டலாகாது. நெரிசல் மிக்க இரயிலில் தொங்கியபடி செல்லுதல் எந்நாளும் ஆகாது. மூச்சுப் பயிற்சியும் நாள்தோறும் சிறிது கூட்டிச் செய்யும் நடையும் உடலைத் தேற்றும். காரணமின்றிக் கண்ணீர் வருதலும் மனச்சோர்வும் இக்காலத்தில் பலர்க்கு நேர்வன. அவை கோழைத்தனம் அல்ல என்பதை வீட்டார் உணர்தல் வேண்டும்.

உலோக வால்வின்மீது குருதி உறையும் இயல்புடையது. அதனைத் தடுக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளுள் ஒன்றை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். அளவு குறைந்தால் குருதி உறையும், மிகுந்தால் கசியும். எனவே ஐ.என்.ஆர். என்னும் குருதிச் சோதனையைத் தவறாது செய்தல் வேண்டும். இயல்பாக 1 என்றிருக்கும் இவ்வெண், ஈரிதழ் வால்வு மாற்றியோர்க்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரையில் இருக்கவேண்டும். கீரையில் உள்ள ‘கே’ உயிர்ச்சத்து மருந்தின் ஆற்றலைக் குறைக்கும். ஆகவே கீரையை அடியோடு விலக்காமல், வாரந்தோறும் ஒரே அளவாய் உண்பதே முறை. தலைவலிக்குத் தாமே மாத்திரை வாங்கி விழுங்கலாகாது. பல் பிடுங்குமுன் வால்வு பற்றிச் சொல்லவேண்டும். நோன்பு நோற்க விரும்புவோர் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்க. மகப்பேற்றை எண்ணும் பெண்கள் கருவுறுமுன்னரே மருத்துவரை நாடுதல் வேண்டும். இம்மருந்து கருவைத் தாக்கக்கூடியது. ருமாட்டிக் காய்ச்சல் மீளாதிருக்கப் பென்சிலினையும் மருத்துவர் சொல்லும் காலம்வரை தொடர்தல் வேண்டும்.

இவையனைத்தும் நம் மாணவருக்குத் தெரியும். ஆயினும், உடல் நன்றாயிருக்கையில் மருந்து எதற்கு என்னும் இளமையின் வினா அவரையும் விடவில்லை. பருவத்தேர்வுக்கு முன் பத்து நாட்கள் மாத்திரையை விட்டுவிட்டார். ஓரிரவு அவருக்கு மூச்சு முட்டியது. அருகில் படுத்திருந்த தாயார், நாள்தோறும் கேட்ட ஓசை மங்கியிருப்பதை உணர்ந்தார். விடியும்வரை காத்திராமல் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்கு விரைந்தார். வால்வில் குருதி உறைந்திருந்தது. அதனை மருந்தால் கரைத்து உயிரைக் காத்தனர். தாயார் எழுத்தறியாதவர். மகனின் நெஞ்சொலியை மட்டும் பிழையின்றிப் படித்திருந்தார்.

வள்ளுவர் வரிசையின் பொருள் நமக்கு அன்று விளங்கிற்று. மருத்துவர் கதவைப் பொருத்தினார். மருந்து அதனைத் திறந்து வைத்தது. பேணுபவர் காவல் இருந்தார். நாள்தோறும் அந்த ஒரு மாத்திரையை எடுத்து வாயிலிடவேண்டியவர் நோயாளியே. அவர் முதலில் நிற்பதற்குக் காரணம் இதுவே.

மீண்டு வந்த மாணவர் தேர்வெழுதினார். மேற்பார்வைக்குச் சென்ற நாம் அவர் இருக்கையைக் கடக்கையில் அவ்வோசை தெளிவாகக் கேட்டது. பக்கத்து மாணவர் திரும்பிப் பார்த்தார். அவர் நாணவில்லை, தலைகுனிந்து எழுதிக்கொண்டிருந்தார். கழுத்துப் பொத்தான் திறந்திருந்தது.