பெர்ஃப்யூம் ஒரு பாட்டில் 20 ஆயிரம் ரூபாயா? ‘நீஷ்’ கடைகளில் அப்படி என்ன இருக்கு?

பெரிய ஷோரூம் கவுன்ட்டரில் நாலு பேப்பர் ஸ்ட்ரிப்பை முகர்ந்து பார்த்தால், ஐந்தாவதில் மூக்கு குழம்பிவிடும். எல்லாமே ஒரே வாசனை போலத் தெரியும். இதில் சலித்துப் போனவர்கள் தேடிப் போகும் இடம்தான் ‘நீஷ்’ எனப்படும் தனி பெர்ஃப்யூம் கடைகள். அங்கே பல பாட்டில்களின் விலை 20 ஆயிரம் ரூபாயைத் தாண்டும். இருந்தும் ஏன் மவுசு குறையவில்லை?

பாட்டிலில் யார் பெயர்?

இதற்கு நல்ல உதாரணம், பாரிஸில் ஃப்ரெடரிக் மல் 2000-ல் தொடங்கிய கடை. இவரது தாத்தா, கிறிஸ்டியன் டியோர் பெர்ஃப்யூம் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

வழக்கமாக ஒரு பெர்ஃப்யூமுக்கு நடிகர் முகமாக இருப்பார், ஃபேஷன் பிராண்டின் பெயர் இருக்கும். வாசனையை உருவாக்கியவர் யாரென்றே தெரியாது. மல் இதைத் தலைகீழாக்கினார். எழுத்தாளருக்குப் பதிப்பாளர் மாதிரி, பெர்ஃப்யூமருக்கு நான் என்றார். உருவாக்கியவரின் பெயரையே பாட்டிலில் அச்சிட்டார். மார்க்கெட் டெஸ்ட் கிடையாது, மூலப்பொருள் செலவுக்கு உச்சவரம்பும் கிடையாது. டொமினிக் ரோபியோன் ரோஜாவையும் பச்சோலியையும் தாராளமாகச் சேர்த்து உருவாக்கிய ‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி’ 2010-ல் அப்படி வந்ததுதான்.

கடையே ஒரு அனுபவம்

அங்கே ஆளுயரக் கண்ணாடித் தூண் ஒன்று இருக்கும். அதற்குள் பெர்ஃப்யூமை அடித்துவிட்டு, தலையை நீட்டி முகரலாம். பக்கத்து வாசனை கலக்காது. வெப்பமும் வெளிச்சமும் வாசனையைக் கெடுக்கும் என்பதால், பாட்டில்கள் குளிரூட்டிய அலமாரியில் இருக்கும். விற்பனையாளர் முதலில் கேட்பது பட்ஜெட்டை அல்ல, உங்கள் ரசனையை.

இன்னும் ‘தனி’க் கடைதானா?

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மல்லின் பிராண்டையும், 2006-ல் நியூயார்க்கில் தொடங்கிய ‘லே லாபோ’வையும் வாங்கப்போவதாக 2014-ல் அறிவித்தது எஸ்டே லாடர். ‘பைரெடோ’ 2022-ல் பூய்க் நிறுவனத்திடம் போனது. ஆக, இன்று பல ‘நீஷ்’ பெயர்களுக்குப் பின்னால் பெரிய முதலாளி இருக்கிறார். சின்னக் கடை என்ற கதைக்காக மட்டும் காசு கொடுத்தால் ஏமாற்றம்தான்.

நம்ம ஊர் மல்லிக்கும் பங்கு உண்டு

தமிழ்நாட்டில் பறிக்கப்படும் மல்லிகையும் ஜாதிமல்லியும் தொழிற்சாலைகளில் ‘அப்சல்யூட்’ எனும் அடர்சாறாக மாறி, வெளிநாட்டு பெர்ஃப்யூம்களுக்குப் போகின்றன. ஒரு கிலோ சாறுக்குப் பல நூறு கிலோ பூ வேண்டும்.

வாங்கும் முன்…

பேப்பரில் முடிவு செய்யாதீங்க. கையில் அடித்துப் பாருங்க. முதல் பத்து நிமிடம் வருவது மேல்வாசனை மட்டுமே. கடைசிவரை உங்களோடு இருக்கப்போவது, சில மணி நேரம் கழித்து வரும் அடிவாசனைதான். அதுவரை கார்டை வெளியே எடுக்காதீங்க. முடிந்தால் 2 மி.லி. சாம்பிள் வாங்கி, நம்ம ஊர் வெயிலில் ஒரு வாரம் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.